வண்டி உட்காருதா? பட்டை ஏற்றும் முன் கொஞ்சம் கணக்கு!

இந்த மலருக்குக் கவிதை எழுத நம் பிரிவிலேயே ஆறேழு பேர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பதால், நான் ஸ்பிரிங் பட்டையையும் டயரையும் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள்! நம்மில் பாதிப்பேர் தெருவில் ஒரு லோடு வண்டியாவது நிற்கிறது. டிப்ளமோ முடித்து வெளியே போனால் நம்மிடம் வரப்போகும் முதல் கேள்வி செமஸ்டர் வினாத்தாள் மாதிரி இருக்காது. "ஏப்பா, வண்டி பின்னாடி ரொம்ப உக்காருது. ரெண்டு பட்டை ஏத்தி, பெரிய டயரா மாட்டிரலாமா?" என்றுதான் இருக்கும்.

முதலில் வெளிநாட்டுக் கதையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த ஆசை பாதி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அமெரிக்காவில் பிக்கப் வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே மூக்குப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் பின்பக்கம் தூக்கியும் இருக்கும். பின்னால் பாரம் ஏற்றும்போது பின்பக்கம் இறங்கி வண்டி சமமாக வரவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அங்கே பலர் பிக்கப்பில் பாரமே ஏற்றுவதில்லை. ஆபீசுக்கும் கடைக்கும் காலியாக ஓட்டுகிறார்கள். காலி வண்டி குனிந்து நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று முன்பக்கத்தை ஒன்றரை, இரண்டு அங்குலம் தூக்கிச் சமப்படுத்துகிறார்கள். அதற்கு விற்கும் சாமான்தான் 'லெவலிங் கிட்'. காயில் ஸ்பிரிங் வண்டி என்றால் அதன் தலையில் ஒரு ஸ்பேசர். டார்ஷன் பார் வண்டி என்றால் அந்தக் கம்பியின் நுனியில் உள்ள 'கீ' என்ற துண்டை மாற்றுவது. முன்பக்கம் எழுந்ததும் மட்கார்டுக்குள் இடம் கிடைக்கும், அங்கே பெரிய டயர் வந்து உட்காரும். அவ்வளவுதான் விஷயம்.

நம் நாட்டில் இந்த ஜாதிக்குச் சேர்ந்த வண்டி என்றால், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாரான இசூசூ டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை. இவற்றுக்கு முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை. கிட் போட்டால் பொருந்தும். ஆனால் முன்பக்கத்தை மட்டும் தூக்கும்போது பால் ஜாயிண்ட், டை ராடு, முன் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் எல்லாமே கம்பெனி நினைத்த கோணத்தை விட்டு விலகுகின்றன. வீல் அலைன்மெண்ட் மறுபடி செய்யாவிட்டால் புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்து போகும். ஹெட்லைட் வெளிச்சமும் மேலே ஏறி எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அப்படித் தூக்கிய வண்டியில் ஒருநாள் நிஜமாகவே பாரம் ஏற்றினால் என்ன ஆகும்? பின்பக்கம் இறங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். கம்பெனிக்காரன் அந்த ஒன்றரை அங்குலத்தைச் சும்மா விட்டு வைக்கவில்லை என்பது அப்போதுதான் புரியும்.

நம் ஊருக்கு வருவோம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ரோடுகளில் ஓடுவது 2005-ல் வந்த டாட்டா ஏஸ் என்கிற நம் குட்டி யானை, 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், பிறகு பொலிரோ பிக்கப் வகைகள். ஏஸில் முன்னாலும் பின்னாலும் பட்டைதான். இங்கே யாரும் முன்பக்கத்தைத் தூக்குவதில்லை. பின்பக்கத்தைத் தூக்குகிறார்கள். அங்கே காலி வண்டி அழகுக்கு எழுகிறது. இங்கே அதிக பாரம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க எழுகிறது. வேலை ஒன்றுபோல் தெரிந்தாலும் நோக்கம் நேர் எதிர்.

என் சித்தப்பா கடன் வாங்கிப் பழைய ஏஸ் ஒன்று எடுத்திருக்கிறார். அச்சகங்களுக்குப் பேப்பர் கட்டு, சில நாள் தீப்பெட்டி பண்டல் என்று வாடகைக்கு ஓட்டுகிறார். மாதாமாதம் தவணை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருத்தன்தான். "நீதான் மெக்கானிக்கல் படிக்கியே, பட்டை ஏத்தலாமா வேணாமான்னு சொல்லு" என்றார். அவர் கேட்டதில் பாதி நம்பிக்கை, பாதி சோதனை. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல மனசு வரவில்லை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு எதைப் பொறுத்தது? பட்டைகளின் எண்ணிக்கை கூடினால் அதே விகிதத்தில் கூடும். தடிமன் கூடினால் அதன் மூன்றடுக்கில் கூடும். நீளம் கூடினால் மூன்றடுக்கில் குறையும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சூத்திரம்தான், இங்கே உயிரோடு வேலை செய்கிறது.

கணக்குக்காக ஒரு பக்கத்துக்கு 8 மி.மீ. பட்டைகள் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். 750 கிலோ பாரம் முழுக்கப் பின் ஆக்சிலில் விழுந்தால் ஒரு பக்கத்துக்கு 375 கிலோ. அதற்கு ஸ்பிரிங் 75 மி.மீ. அமுங்குகிறது என்போம். அதே தடிமனில் ஆறாவது பட்டை போட்டால் அமுக்கம் 62.5 மி.மீ. ஆகும். கிடைத்த லாபம் அரை அங்குலம்! இவ்வளவு செலவு செய்து அரை அங்குலமா என்று ஏமாந்துபோய்த்தான் பலர் அடுத்து 10 மி.மீ. பட்டைக்குப் போகிறார்கள். 8-லிருந்து 10 என்றால் தடிமன் கால் பங்குதான் அதிகம். ஆனால் மூன்றடுக்கு போட்டுப் பாருங்கள், ஒரு 10 மி.மீ. பட்டை கிட்டத்தட்ட இரண்டு 8 மி.மீ. பட்டைக்குச் சமம். "ஒண்ணு போட்டேன், வண்டி கல்லு மாதிரி நிக்குது" என்று சொல்வது இதைத்தான். அந்தத் தடித்த பட்டைக்கு ஒரு சாபமும் உண்டு. எல்லாப் பட்டையும் ஒரே வளைவில் வளையும்போது, தடிமன் அதிகமான பட்டையில்தான் ஸ்ட்ரெஸ் அதிகம். எனவே நடுவில் திணித்த அந்தப் பட்டைதான் முதலில் விரிசல் விடும்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. பட்டையை ஏற்றினால் ஸ்பிரிங் மட்டும்தான் பலம் பெறுகிறது. ஆக்சில், ஹவுசிங், வீல் பேரிங், சேஸிஸ், பிரேக், டயர் எல்லாம் பழையபடிதான் இருக்கின்றன. வண்டி உட்காருவது ஒரு நோய் இல்லை. "போதும்ப்பா, இதுக்கு மேல ஏத்தாத" என்று வண்டி சொல்லும் ஒரே வார்த்தை அது. பட்டையை ஏற்றுகிறவர் பாரத்தைக் குறைக்கவில்லை, வண்டியின் வாயைக் கட்டிவிடுகிறார்.

பிரேக்கில் இது எப்படி விளையாடுகிறது என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பல பிக்கப் வண்டிகளில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்ப மாற்றும் ஒரு வால்வு இருக்கிறது. லோடு சென்சிங் வால்வு என்பார்கள். அதற்கு எடை பார்க்கத் தெரியாது. சேஸிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை ஒரு கம்பி மூலம் பார்த்துக்கொண்டிருக்கும். இடைவெளி குறைந்தால் 'பாரம் இருக்கிறது' என்று பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும். இடைவெளி அதிகம் என்றால் 'காலி வண்டி, சக்கரம் லாக் ஆகிவிடும்' என்று குறைத்து விடும். பட்டை ஏற்றிய வண்டியில் ஒன்றேகால் டன் இருந்தாலும் பின்பக்கம் இறங்காது. வால்வு காலி வண்டி என்றே நம்பும். பாரம் அதிகமாக இருக்கும் நேரத்தில் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும்! வால்வின் கம்பியைத் திரும்ப அளவு செய்யாமல் பட்டையை மட்டும் ஏற்றுவது எவ்வளவு பெரிய விபரீதம் பாருங்கள்.

இனி சரக்கு. நம் பெல்ட்டில் மூன்று தொழில், மூன்று விதமான பாரம். தீப்பெட்டி 600 பெட்டி கொண்ட பண்டலாக வரும். எடை குறைவு, இடம்தான் அடைக்கும். தார்ப்பாய் கட்டி வீடு உயரத்துக்கு அடுக்கினாலும் ஸ்பிரிங் பெரிதாக அசையாது. அங்கே பயம் வளைவில் சாய்வதுதான். பட்டாசு அட்டைப்பெட்டிகள் நடுத்தரம். பேப்பர்தான் கள்ளன்.

58.5-க்கு 91.5 செ.மீ. அளவில் 60 ஜி.எஸ்.எம். தாள், 500 தாள் கொண்ட ஒரு ரீம் 16 கிலோ வரும். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். 46 ரீம் போட்டாலே 736 கிலோ. ஒரு ரீம் கனம் ஏறக்குறைய 4 செ.மீ. ஏஸின் லோடு பாடியில் நான்கு அடுக்காக வைத்தால் உயரம் ஒன்றரை அடிதான். பாதி வண்டி காலியாகத் தெரியும்! "இன்னும் இம்புட்டு எடம் இருக்கே" என்று அச்சகத்து ஆள் கேட்பார். கண் உயரத்தைப் பார்க்கிறது, ஸ்பிரிங் எடையைப் பார்க்கிறது.

எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஏஸின் வீல்பேஸ் 2,100 மி.மீ. பின் ஆக்சிலுக்கு 600 மி.மீ. பின்னால், அதாவது கதவோரமாக, 200 கிலோவை வைத்தால் நெம்புகோல் கணக்குப்படி முன் ஆக்சிலிலிருந்து 57 கிலோ தூக்கப்படுகிறது. பின் ஆக்சிலுக்கு 257 கிலோ போகிறது. ஸ்டியரிங் லேசாக இருக்கிறது என்று டிரைவர் சந்தோஷப்படுவார். முன் சக்கரத்தின் பிடி போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இறக்கச் சுலபம் என்று கனமான கட்டுகளைக் கதவுப்பக்கம் வைக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போய்ச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் சூத்திரத்தைப் பார்க்கவில்லை, "சரி, எடை மேடைக்குப் போவோம்" என்றார். வழக்கமாக ஏற்றும் பேப்பர் லோடோடு நிறுத்தினோம். பிறகு காலி வண்டி எடையைக் கழித்தால் பாரம் 1,100 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே! திரும்பி வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததில், இடதுபக்க ஸ்பிரிங்கில் மூன்றாவது பட்டை சென்டர் போல்ட் ஓட்டை வழியாக முறிந்து, கிளாம்ப் பிடித்துக்கொண்டிருந்ததால் மட்டும் விழாமல் இருந்தது. ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். புதுப் பட்டை 'ஏற்ற' வேண்டிய அவசியமே இல்லை. முறிந்ததை 'மாற்ற' வேண்டும்.

ஸ்பிரிங் பட்டறை அண்ணாச்சி அனுபவஸ்தர். கம்பெனி அளவிலேயே பட்டை போட்டார், இரண்டு பக்கமும் கழற்றி உயரம் ஒத்துப் பார்த்தார். யூ போல்ட் பழையதையே மாட்டலாமா என்று சித்தப்பா கேட்டதற்கு, "அது ஒருதடவை இழுபட்டது, வேணாம்" என்று புதிதாக நான்கு போட்டார். யூ போல்ட் தளர்ந்தால் பாரமெல்லாம் சென்டர் போல்ட்டின் தலையில் விழும். அது அறுந்தால் ஆக்சில் ஒருபக்கம் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். சில நாள் ஓட்டிய பிறகு பாரத்தோடு கொண்டுவரச் சொல்லி நட்டுகளை மறுபடி இறுக்கியும் கொடுத்தார். நம் பாடப்புத்தகத்தில் இந்தக் கடைசி வரி இல்லை.

பாரம் விஷயத்தில் சித்தப்பாவுக்கு முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நடையில் அடித்ததை இப்போது இரண்டு நடையாக அடிக்கிறார். டீசல் கூடுதல். நடைக்கு இவ்வளவு என்று இருந்த வாடகையை ரீமுக்கு இவ்வளவு என்று மாற்றிக் கேட்டார். ஒரு அச்சகம் ஒத்துக்கொண்டது, இன்னொன்று வேறு வண்டி பார்த்துக்கொண்டது. பட்டையை ஏற்றிவிட்டு அவர்களுக்கே ஓட்டுகிற வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு என் நோட்டில் பதில் இல்லை. 2019 செப்டம்பரிலிருந்து அதிக பாரத்துக்குச் சட்டத்தில் 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று அபராதம் இருப்பதை மட்டும் எடுத்துச் சொன்னேன். ஒருதடவை மாட்டினால் ஒரு மாத லாபம் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும்.

டயருக்கு வருகிறேன். பெரிய டயரில் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் தாத்தா காலத்துக் கட்டை வண்டிச் சக்கரம் ஆள் நெஞ்சு உயரம் இருந்தது சும்மா அல்ல. பெரிய சக்கரம் சின்னப் பள்ளத்தில் விழாமல் தாண்டும். பட்டாசு ஆலைகள் எல்லாம் ஊரைவிட்டுத் தள்ளி, மண்பாதையில் இருக்கின்றன. அந்தப் பாதையில் ஹவுசிங் தரை தட்டாமல் போக வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஒன்றைக் கவனியுங்கள். கெட்டி ஆக்சில் வண்டியில் பட்டையை எவ்வளவு ஏற்றினாலும் பாடிதான் எழும். ஹவுசிங் தரையிலிருந்து ஒரு மி.மீ. கூட எழாது. அதை எழுப்புவது டயர் மட்டும்தான்.

எவ்வளவு எழுப்பும்? பிக்கப்களில் பழக்கமான 215/75 ஆர் 15 டயரை எடுப்போம். அகலம் 215 மி.மீ., அதில் 75 சதவீதம் பக்கச்சுவர் உயரம், ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் 703.5 மி.மீ. இதைக் கழற்றி 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 733.5 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ. ஆனால் ஹவுசிங் எழுவது அதில் பாதி, 15 மி.மீ. மட்டும்! ஒரு விரல் அகலம்.

அந்த ஒரு விரலுக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சுற்றளவு 4.3 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் ஏறக்குறைய 62.6. நிஜமாக 104 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 100 என்கும். ("பெரிய டயர் போட்டதும் மைலேஜ் குறைஞ்சிருச்சு" என்ற புலம்பலில் கொஞ்சம் இந்த மீட்டர் கணக்கும் சேர்த்திதான்.) எஞ்சின் தரும் அதே முறுக்குவிசை பெரிய ஆரத்தில் ரோட்டுக்கு 4 சதவீதம் குறைந்து சேர்கிறது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் லோடோடு ஏறும்போது கிளட்சுக்கு அது தெரியும். பிரேக்கும் அதே கதைதான், டிரம் பிடிக்கிற பிடி மாறாமலிருக்க ரோட்டில் கிடைக்கும் தடுப்பு 4 சதவீதம் குறைகிறது.

ஏஸ் மாதிரி 145 ஆர் 12 டயரில் ஓடும் சின்ன வண்டிக்கு மட்கார்டு இடைவெளியும் குறைவு. டயர் பக்கத்தில் 'எட்டு பிளை' என்று எழுதியிருப்பதும், எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும்தான் வாங்கும்போது பார்க்க வேண்டியவை. அகலமாகவும் அழகாகவும் இருக்கும் கார் டயர் எத்தனை பெரிதாக இருந்தாலும் லோடு வண்டிக்கு ஆகாது. அதன் தாங்குசக்தியும் காற்றழுத்தமும் வேறு. நம் கரிசல் மண்ணும் இதில் ஒரு கட்சி. மழை பெய்த அன்று கரிசல் டயரில் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகி, சக்கரத்தையே நிறுத்திவிடும். இடைவெளி அதிகமுள்ள ஒல்லியான பட்டன் டயர் தப்பிக்கும் இடத்தில் அகல டயர் மாட்டிக்கொள்ளும்.

பட்டாசு ஏற்றும் வண்டி என்றால் இந்த உரசல் வெறும் தேய்மானப் பிரச்சினை இல்லை. காலியாக இருக்கும்போது பெரிய டயர் எங்கும் இடிக்காது. லோடு ஏறி பாடி இறங்கியதும், பள்ளத்தில் விழும்போது மட்கார்டின் உள் விளிம்பில் உரசும். உரசினால் சூடு, காற்று குறைவாக இருந்தால் இன்னும் சூடு. டயர் தீப்பிடிப்பது இப்படித்தான், அதற்கு ஒரு முழம் மேலே பட்டாசுப் பெட்டி. 2016 அக்டோபர் 20-ல் சிவகாசி நகரில் பட்டாசுக் கிடங்கில் பிடித்த தீயின் புகை பக்கத்துக் கட்டிடத்தில் ஸ்கேன் எடுக்க வந்திருந்தவர்களைக் கூட விட்டு வைக்கவில்லை. அதற்கும் டயருக்கும் சம்பந்தமில்லை. சரக்கு எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன். பட்டாசு வண்டிக்கு 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் தனி. அபாயகரமான சரக்கு ஓட்டும் டிரைவருக்குத் தனிப் பயிற்சியும் லைசென்சில் தனிப் பதிவும் வேண்டும்.

சட்டமும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் முதலில் படுத்துப் பார்ப்பதும் வண்டிக்கு அடியில்தான்.

இதற்குப் பிறகும் யாராவது பெரிய டயர் போட்டே தீருவேன் என்றால், அல்லது ஏற்கெனவே போட்ட வண்டியை வாங்கப் போகிறோம் என்றால், ஒரு சுண்ணாம்புக்கட்டி போதும். நான்கு டயரின் தோள்பகுதியிலும் சுற்றிலும் கெட்டியாகக் கோடு போடுங்கள். ஆர்.சி.யில் உள்ள முழுப் பாரத்தையும் ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை இடது கடைசிவரை, வலது கடைசிவரை ஒடித்து, மெதுவாக ஒரு வேகத்தடை மேல் கோணலாக ஏறி இறங்குங்கள். பிறகு கோடு எங்கே அழிந்திருக்கிறது, மட்கார்டின் உள்ளே, பட்டையின் ஓரத்தில், பிரேக் ஹோஸ் மேல் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஹோஸில் வெள்ளை இருந்தால் வண்டியை அங்கிருந்து நகர்த்தாமல் அங்கேயே பழைய டயரை மாட்டுங்கள்.